முதல் நிரல்மொழி: ரப்பர் ஷீட் கணக்கில் தொடங்கலாம்

பிளஸ் டூ முடிவு வெளியாகும் மே மாதத்தில், கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் எங்கள் வீட்டு வாசலில் செருப்புகள் பெருகிவிடும். குலசேகரம், திருவட்டாறு, மார்த்தாண்டம் பக்கத்துப் பிள்ளைகள் வருவார்கள். துணைக்கு அப்பாவோ தாய்மாமாவோ வருவார். கேள்வி மட்டும் ஆண்டுதோறும் மாறாது: "அண்ணா, எந்தக் கம்ப்யூட்டர் மொழி படித்தால் வேலை கிடைக்கும்?" நான் உடனே பதில் சொல்வதில்லை. "உங்கள் வீட்டில் தினமும் கையால் போடுகிற கணக்கு என்ன?" என்று திருப்பிக் கேட்பேன். ரப்பர் ஷீட் எடை, வாழைக்குலை விற்ற பாக்கி, தோவாளைச் சந்தைக்கு அனுப்பிய பிச்சிப்பூ, சீட்டுப் பணம் என்று ஏதாவது ஒன்று வரும். அந்தக் கணக்கில் தொடங்குங்கள் என்பேன். வந்தவர்களில் பாதிப் பேருக்கு இந்தப் பதில் ருசிக்காது. டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். இந்தக் கட்டுரை மீதிப் பாதிக்காக.

மொழியைத் தேர்ந்தெடுக்க ஒரு சாயங்காலம் போதும்

மாதக்கணக்கில் யூடியூபில் ஒப்பீட்டு வீடியோக்கள் பார்த்துக்கொண்டே இருப்பவர்களை எனக்குத் தெரியும். எல்லா மொழியைப் பற்றியும் அவர்களுக்கு அபிப்பிராயம் உண்டு. ஒரு மொழியிலும் பத்து வரி எழுத வராது. அவ்வளவு யோசிக்க இதில் ஒன்றுமில்லை. சி மொழியை டென்னிஸ் ரிட்சி பெல் ஆய்வகத்தில் உருவாக்கியது 1970களின் தொடக்கத்தில். கைடோ வான் ரோசம் பைத்தானை வெளியிட்டது 1991இல். ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்ட்டும் 1995இல் வெளிவந்தன. இப்போது பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகளைவிட இவை எல்லாமே வயதில் மூத்தவை. அடுத்த வாரம் காணாமல் போய்விடும் என்று பயப்பட வேண்டாம்.

(ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்ட்டும் அண்ணன் தம்பி அல்ல. கடலுக்கும் கடலைக்கும் உள்ள உறவுதான். பெயரைப் பார்த்து ஏமாந்து தவறான புத்தகம் வாங்கியவர்கள் உண்டு, நான் உட்பட.)

ஒரு தாளை எடுத்து, எந்த வேலையைச் செய்ய ஆசை என்று ஒரே வரியில் எழுதுங்கள். கன்னியாகுமரியில் மாமா நடத்தும் விடுதிக்கு இணையப் பக்கம் செய்ய வேண்டுமென்றால் ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ், அதன்பின் ஜாவாஸ்கிரிப்ட். இதற்கு மாற்று வழி தேட வேண்டாம், உலாவிக்கு (பிரவுசருக்கு) புரியும் பாஷை அதுதான். ஆண்ட்ராய்டு போனில் ஓடும் செயலி என்றால் கோட்லின். 2019இலிருந்து கூகுளே அதைத்தான் முன்னிறுத்துகிறது. தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் மோட்டாரை அர்டுவினோ என்ற சிறு மின்னணுப் பலகையால் இயக்க ஆசை என்றால் சி++ சாயல் கொண்ட அதன் மொழி. கணக்கு, பட்டியல், தரவு, கோப்புகளைச் சீர்செய்தல், அல்லது 'இன்னும் தெரியவில்லை' என்றால் பைத்தான்.

கல்லூரியில் சேர்ந்துவிட்டவருக்குப் பாதித் தேர்வு ஏற்கெனவே முடிந்திருக்கும். மாநிலப் பாடத்திட்டத்தில் கணினி அறிவியல் எடுத்தவர்கள் பிளஸ் ஒன்னில் சி++, பிளஸ் டூவில் பைத்தான் பார்த்திருப்பார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017, 2021 பாடத்திட்டங்களில் பொறியியல் முதல் பருவத்திலேயே பைத்தான் இருந்தது. பாடத்தில் ஒரு மொழி இருக்கும்போது, வெளியே காசு கட்டி வேறொரு மொழியைத் தொடங்குவது இரண்டு வள்ளத்தில் கால் வைப்பது போல. பாடத்தில் இருப்பதையே உருப்படியாகப் பிடியுங்கள்.

இன்னொரு அளவுகோலையும் சொல்லிவிடுகிறேன். இதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. மாட்டிக்கொள்ளும்போது யாரிடம் கேட்பீர்கள்? பக்கத்து வீட்டு அக்கா திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் ஜாவாவில் வேலை செய்கிறார், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பார் என்றால், உங்களுக்கு ஜாவாவே நல்ல மொழி. தொடக்கத்தில் மொழியின் தரத்தைவிட, அரை மணி நேரம் பக்கத்தில் உட்காரும் ஆள் பெரிய காரியம்.

இதற்குமேல் யோசிக்க வேண்டாம். இனி வரும் படிகளைப் பைத்தானை வைத்தே சொல்கிறேன். வேறு மொழி எடுத்தவருக்கும் வரிசை இதேதான்.

கருவி

பள்ளியில் முன்பு கொடுத்த அரசு மடிக்கணினி வீட்டில் இருந்தால் அதுவே போதும். பழையது, மெதுவாக இருக்கிறது என்று கவலைப்பட வேண்டாம். தொடக்க நிரல்கள் (கணினிக்கு நாம் எழுதித்தரும் கட்டளை வரிசைகள்) அதற்கு ஒரு சுமையே அல்ல. தானி (Thonny) என்ற இலவச மென்பொருளை நிறுவுங்கள். எஸ்தோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் புதியவர்களுக்காகவே உருவானது. பைத்தானும் அதனுடனேயே வந்துவிடும், தனியாக நிறுவ வேண்டாம். நிரலை வரிவரியாக நிறுத்தி நிறுத்தி ஓட்டி, எந்தப் பெயரில் என்ன மதிப்பு இருக்கிறது என்று பக்கத்திலேயே காட்டும். பெரிய நிறுவனங்களில் பயன்படுத்தும் விஎஸ் கோட் போன்றவற்றுக்கு இப்போது அவசரமில்லை. அவற்றில் பொத்தான்கள் அதிகம், பிள்ளைகள் நிரலை விட்டுவிட்டு நிறத்தை மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

கணினியே இல்லை, போன்தான் என்றால் பைட்ராய்டு என்ற செயலி இருக்கிறது. சிறு விசைப்பலகையில் அடிப்பது கஷ்டம்தான். ஆனாலும் முதல் மாதப் பாடங்களை அதில் முடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஓர் எச்சரிக்கை. பைத்தான் 2 என்ற பழைய பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்றோடு முடிந்தது. அதைக் கற்றுத்தரும் பழைய வீடியோக்கள் இன்னும் இணையத்தில் கிடக்கின்றன. பிரின்ட் என்ற சொல்லுக்குப் பின் அடைப்புக்குறி இல்லாமல் எழுதிக்காட்டினால் அது பழைய பாடம்; மூடிவிடுங்கள்.

முதல் வாரம்: மூன்று வரி

குலசேகரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையனின் வீட்டில் ரப்பர்தான் பிழைப்பு. அம்மா விடியுமுன் பால்வெட்டுக்குப் போய்விடுவார். காய்ந்த ஷீட்டைக் கடையில் எடை போட்டு விற்பார்கள். கணக்கெல்லாம் காலண்டர் தாளின் பின்புறத்தில். அவன் எழுதிய முதல் நிரல் இது:

எடை = 12
விலை = 180
தொகை = எடை * விலை

விளக்கத்துக்காக நான் தமிழில் மாற்றி எழுதியதாக நினைக்க வேண்டாம். இதை அப்படியே தானியில் அடித்தால் ஓடும். பைத்தான் 3இல் பெயர்களைத் தமிழ் எழுத்தில் வைத்துக்கொள்ளலாம். அடுத்த வரியில் பிரின்ட் என்பதை ஆங்கில எழுத்தில் அடித்து, அடைப்புக்குறிக்குள் தொகை என்று எழுதினால் திரையில் 2160 வரும். மொழியின் உள்ளேயே இருக்கும் முப்பத்தைந்து சொச்சம் சொற்களும், பிரின்ட் போன்ற தயார்க் கட்டளைகளும்தாம் ஆங்கிலம். ஆங்கிலம் தெரியாததால் நிரல் வராது என்று பின்வாங்கும் பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டுவது இந்த மூன்று வரியை. வேலைக்குப் போன பிறகு எல்லோரும் ஆங்கிலப் பெயர்தான் வைப்பார்கள், அப்போது மாறிக்கொள்ளலாம்.

சொற்களும் தமிழிலேயே இருந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்படுபவர்கள், முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழில் மொழியை ஒருநாள் தொட்டுப் பார்க்கலாம். அதில் பிரின்ட்டுக்குப் பதில் 'பதிப்பி'. நிபந்தனைக்கு 'ஆனால்', 'இல்லை', 'முடி'. நிரலின் தர்க்கம் ஆங்கிலத்தில் இல்லை என்பதைக் கண்ணால் காண அது நல்ல வழி. அதன்பின் பைத்தானுக்குத் திரும்பிவிடுங்கள். எழிலே பைத்தானில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

ஒவ்வொரு வரியையும் விரலால் அடியுங்கள். வெட்டி ஒட்டினால் ஒன்றும் வராது. பூக்கட்டத் தோவாளையில் யாரும் பார்த்துக் கற்றுக்கொள்ளவில்லை; நாரைக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

180 முறை 12

இரண்டாவது வாரம் அந்தப் பையன் நிரலைக் கொஞ்சம் வளர்த்தான். எடையை நிரலுக்குள் எழுதாமல், ஓட்டும்போது கேட்டு வாங்க வேண்டும். அதற்கான இன்புட் என்ற சொல்லைச் சேர்த்தான். ஓட்டினான். 12 என்று அடித்தான். திரையில் 2160 வரவில்லை. 121212121212 என்று வரி வரியாக ஓடி நிரம்பியது. எண்ணிப் பார்த்தால் 360 இலக்கம். "கடைக்காரர் இதைப் பார்த்தால் கடையை எழுதிக் கொடுத்துவிடுவார்" என்றேன், அவன் சிரிக்கவில்லை.

நடந்தது என்ன? இன்புட் கொண்டுவருவது எப்போதும் எழுத்துச் சரம். அதில் இருக்கும் 12, எண் 12 அல்ல. '1' என்ற எழுத்தும் '2' என்ற எழுத்தும். எழுத்துச் சரத்தை 180ஆல் பெருக்கச் சொன்னால், பைத்தான் அதை 180 முறை அடுத்தடுத்து எழுதுகிறது. சொன்னதைத்தான் செய்தது. சரி, இன்ட் என்பதைச் சேர்த்து எண்ணாக மாற்றினான். 2160 வந்தது. மறுநாள் எடை பன்னிரண்டரை கிலோ. 12.5 என்று அடித்ததும் சிவப்பு எழுத்தில் பிழை. இன்ட் முழு எண்ணுக்கு மட்டும். தசமம் வந்தால் ஃப்ளோட் வேண்டும். மாற்றினான், 2250 வந்தது. அதற்கு அடுத்த நாள் அம்மாவே உட்கார்ந்து அடித்துப் பார்த்தார்: '12.5 கிலோ'. மறுபடியும் சிவப்பு.

ஒரு வாரத்தில் இந்த மூன்று பிழைகளையும் சந்தித்தவன், தரவு வகை என்ற பாடத்தை வாழ்நாளில் மறக்க மாட்டான். அதையே வகுப்பில் பலகையில் எழுதிப்போட்டபோது நான் தூங்கினேன்.

சிவப்பு எழுத்தைப் படிக்கப் பழகுங்கள்

பிழைச்செய்தி வந்ததும் ஜன்னலை மூடிவிடுகிறவர்கள்தான் அதிகம். அது திட்டு அல்ல, விலாசம். பைத்தானில் அதைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படியுங்கள். கடைசி வரி என்ன வகைப் பிழை என்று சொல்லும். அதற்கு மேலே எத்தனையாவது வரி என்று இருக்கும். பெயர்ப்பிழை (நேம் எரர்) என்றால் பெரும்பாலும் எழுத்துப் பிசகு: ஓரிடத்தில் 'தொகை', இன்னோரிடத்தில் 'தோகை'. உள்தள்ளல் பிழை (இன்டென்டேஷன் எரர்) என்றால் வரியின் தொடக்கத்தில் விட்ட இடைவெளி சீராக இல்லை; பைத்தான் அந்த இடைவெளியை வைத்தே எந்த வரி எதற்குள் அடக்கம் என்று புரிந்துகொள்கிறது. தொடரமைப்புப் பிழை (சின்டாக்ஸ் எரர்) என்றால் காட்டும் வரியை மட்டும் பார்க்காதீர்கள், அதற்கு முந்தைய வரியில் மூடாத அடைப்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு நோட்டில் தேதி போட்டு, பிழையையும் அதைத் தீர்த்த விதத்தையும் எழுதிவையுங்கள். முப்பது பிழை சேர்ந்த பிறகு, புதிதாக எழுத அதிகம் இருக்காது.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைப் பற்றிக் கேட்பீர்கள். தாராளமாகப் பயன்படுத்தலாம், ஒரு கட்டுப்பாட்டோடு: முதல் இரண்டு மாதம் நிரலை எழுதித்தரச் சொல்லாதீர்கள். பிழைச்செய்தியைக் கொடுத்து 'இதற்கு என்ன பொருள், தமிழில் சொல்' என்று கேளுங்கள். உங்கள் நிரலைக் காட்டி 'எந்த வரியில் தவறு என்று மட்டும் சொல், திருத்தாதே' என்று கேளுங்கள். எழுதிவாங்கிய நிரல் ஓடும். ஓடாத நாளில் அதைத் திறந்து பார்க்க உங்களுக்குத் தைரியம் இருக்காது.

இரண்டாவது மாதம்: இரண்டு கரையின் மீன்பிடித் தடை

நிபந்தனை என்ற பாடத்துக்குப் புத்தகங்களில் எப்போதும் 'மதிப்பெண் 35 அல்லது அதற்கு மேல் என்றால் தேர்ச்சி' என்ற கணக்கைக் கொடுப்பார்கள். நமக்கு அதைவிட நல்ல கணக்கு கடற்கரையிலேயே இருக்கிறது. விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. தமிழ்நாட்டில் இரண்டு தடையும் பொருந்துகிற மாவட்டம் நம்முடையது. சின்னமுட்டம் கிழக்குக் கணக்கில் வரும். குளச்சல், தேங்காய்ப்பட்டணம் மேற்கில். நிரல் கேட்க வேண்டியது தேதியும் கரையும். சொல்ல வேண்டியது 'இன்று தடை உண்டா இல்லையா'.

கணினியைத் திறக்குமுன் தாளில் எழுதுங்கள். நான் பார்த்த பிள்ளைகளில் பாதிக்கு மேல் முதலில் எழுதுவது இது: மாதம் 4 அல்லது அதற்கு மேல், நாள் 15 அல்லது அதற்கு மேல் என்றால் தடை தொடங்கிவிட்டது. படிக்கச் சரியாகத்தான் இருக்கிறது. மே 3ஆம் தேதியைக் கொடுத்துப் பாருங்கள். நாள் 3, பதினைந்துக்குக் கீழே. ஆகவே தடை இல்லை என்று நிரல் படகைக் கடலுக்கு அனுப்பிவிடும். மாதத்தையும் நாளையும் தனித்தனியே ஒப்பிட்டதுதான் கோளாறு.

ஒரு சின்னத் தந்திரம் இருக்கிறது. மாதத்தை நூறால் பெருக்கி நாளைக் கூட்டினால், தேதி ஒரே எண்ணாகிவிடும்:

எண் = மாதம் * 100 + நாள்
கிழக்குத்_தடை = 415 <= எண் <= 614
மேற்குத்_தடை = 601 <= எண் <= 731

மே 3 என்பது 503. 415க்கும் 614க்கும் நடுவே ஒழுங்காக உட்கார்ந்துவிடுகிறது.

இப்போது சோதியுங்கள். நடுவில் இருக்கும் தேதிகளால் பயனில்லை; விளிம்புகளைத் தட்டுங்கள். ஏப்ரல் 14, 15. மே 31, ஜூன் 1. ஜூன் 14, 15. ஜூலை 31, ஆகஸ்ட் 1. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரையிலும் என்ன விடை வர வேண்டும் என்று ஓட்டுவதற்கு முன்பே தாளில் எழுதிவையுங்கள். ஜூனின் முதல் பதினான்கு நாளும் இரண்டு கரையிலும் தடை இருக்க வேண்டும். உங்கள் நிரல் ஒன்றில் மட்டும் காட்டினால், ஒரு நிபந்தனையை மற்றொன்றின் 'இல்லாவிட்டால்' பகுதிக்குள் வைத்துவிட்டீர்கள். அரசு தேதியை மாற்றினால் எத்தனை இடத்தில் திருத்த வேண்டியிருக்கிறது என்றும் பாருங்கள். ஒரே இடமாக இருக்க வேண்டும்.

அடுத்து, தடை மொத்தம் எத்தனை நாள் என்று நிரலையே கேளுங்கள். பைத்தானின் தேதி வசதியைக் கொண்டு ஜூன் 14இலிருந்து ஏப்ரல் 15ஐக் கழித்தால் 60 வரும். தடை 61 நாள் என்பது கடற்கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கழித்தல் இடைவெளியைத்தான் சொல்கிறது. முதல் நாளையும் சேர்க்க ஒன்று கூட்ட வேண்டும். இந்த ஒரு நாள் பிசகு, முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவர்களையும் விடாது.

இந்த நிரல் எழுத ஒரு வாரம் ஆகலாம், மூன்று வாரமும் ஆகலாம். இதை முடித்தவருக்கு, மாறி (மதிப்பைத் தாங்கும் பெயர்), நிபந்தனை, உள்ளீடு, செயற்கூறு (பெயர் வைத்த நிரல் துண்டு) எல்லாம் கைக்குள் வந்திருக்கும். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் லூப் மட்டும் மீதி. அதற்கு திருக்குறள் கோப்பு ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள்: 133 அதிகாரம், 1330 குறள். ஒவ்வொரு குறளிலும் ஏழு சீர் இருக்கிறதா என்று நிரலால் எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை ஏழாக வராத குறள்கள் தட்டுப்படலாம். அங்கே வள்ளுவரைச் சந்தேகப்படாமல், கோப்பில் சீர் பிரித்த விதத்தைப் பாருங்கள்.

எங்கே படிப்பது, எங்கே காசு கட்டுவது

தமிழில் படிக்க விரும்புவோருக்கு பிளஸ் டூ கணினி அறிவியல் பாடநூலின் தமிழ்வழிப் பதிப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பைத்தானும், தரவுத்தளத்துக்கான எஸ்க்யூஎல்லும் அதில் உண்டு. நடை கொஞ்சம் விறைப்பு, ஆனால் பொருள் சரி. கணியம் தளத்தில் 2012இலிருந்து கட்டற்ற மென்பொருள் பற்றிய தமிழ்க் கட்டுரைகளும் மின்னூல்களும் சேர்ந்திருக்கின்றன. ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியலில் பல பாடங்கள் தமிழ்க் குரலில் இருக்கின்றன. ஆங்கிலம் பரவாயில்லை என்றால், ஐஐடிகள் சேர்ந்து இணையத்தில் தரும் என்பிடெல் பாடங்கள். இவற்றில் ஏதாவது ஒன்று போதும். நான்கையும் ஒரே வாரத்தில் திறந்து வைப்பது, நான்கு பந்தியில் இலை போட்டு உட்காருவது.

பயிற்சி மையத்தில் சேர்வதா? எனக்குக் கசப்பான அனுபவம் உண்டு. கல்லூரி முடித்த புதிதில் நாகர்கோவிலில் ஒரு மையத்தில் ஆறு மொழி, மூன்று மாதம், சான்றிதழோடு என்று பணம் கட்டினேன். மொழி ஆறு, கணினி நான்கு. வாரத்தில் ஒரு மணி நேரம், அதிலும் ஒரு நாற்காலிக்கு மூன்று பேர். சான்றிதழ் அழகாகத்தான் இருந்தது. எந்த நேர்காணலிலும் யாரும் அதைக் கேட்கவில்லை. நல்ல மையங்களும் இருக்கின்றன. பணம் கட்டுமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: என் விரல் விசைப்பலகையில் இருக்கப்போவது வாரத்துக்கு எத்தனை மணி நேரம்? நான் எழுதியதை வரிவரியாகப் படித்துத் திருத்துவது யார்? போன முறை படித்தவர் எழுதிய ஒரு நிரலைக் காட்ட முடியுமா? மூன்றாவது கேள்விக்கு முகம் மாறினால் வடசேரிக்கு பஸ் ஏறிவிடுங்கள்.

நேரத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி நேரத்தைவிட, தினம் நாற்பத்தைந்து நிமிடம் மேல். எனக்கு வாய்த்தது ரயில். இரணியலில் ஏறி கழக்கூட்டத்தில் இறங்கும்வரை, முந்தைய நாள் எழுதிய நிரலைத் தாளில் அச்செடுத்து, பென்சிலால் ஒவ்வொரு மாறியின் மதிப்பையும் பக்கத்தில் எழுதிக்கொண்டே போவேன். ஆடிக் காற்றில் மின்சாரம் போகும் நாட்களுக்கும் இது உதவும்.

இரண்டாவது மொழி எப்போது

மூன்று மாதம் கழித்து, அதற்குமுன் வேண்டாம். கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைச் சந்தையில் வியாபாரம் செய்கிறவர்கள் யாரும் மலையாள இலக்கணம் படித்துவிட்டுக் கடை போடவில்லை. தமிழ் அழுத்தமாக இருந்ததால், மலையாளம் கேட்டுக்கேட்டு ஒட்டிக்கொண்டது. நிரல்மொழியிலும் முதலாவதுதான் மலை, இரண்டாவது மேடு. முதலாவது அரைகுறையாக இருக்கும்போது இரண்டாவதைத் தொட்டால் இரண்டும் குழம்பும்.

அந்தக் குழப்பம் எப்படிப்பட்டது என்று நம் மீன்பிடித் தடை வரியை வைத்தே காட்டலாம். 415 <= எண் <= 614 என்பதைப் பைத்தான் நாம் நினைத்தபடியே புரிந்துகொள்கிறது. அதே வடிவத்தைச் சி மொழியிலோ ஜாவாஸ்கிரிப்ட்டிலோ எழுதினால் ஓடும். ஆனால் ஆண்டு முழுவதும் தடை என்று சொல்லும். அவை முதலில் இடப்பக்க ஒப்பீட்டை முடித்து, 'ஆம்' அல்லது 'இல்லை' என்ற விடையை ஒன்றாகவோ பூஜ்யமாகவோ எடுத்துக்கொண்டு, அதை 614உடன் ஒப்பிடுகின்றன. ஒன்றும் பூஜ்யமும் 614ஐவிடச் சிறியவைதானே. ஜாவா இந்த வரியை ஏற்கவே மறுத்துவிடும். தப்பாக ஓடுவதைவிட ஓட மறுப்பது மேல் என்பது என் கட்சி.

இன்னொன்று, இது எனக்கு மிகவும் பிடித்தது. 'கன்னியாகுமரி' என்ற சொல்லின் நீளம் என்ன என்று மூன்று மொழிகளைக் கேளுங்கள். ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்விஃப்ட் 7 என்கிறது. பைத்தான் 12 என்கிறது. சி 36 என்கிறது. மூன்றும் சரி. க, ன், னி, யா, கு, ம, ரி என்று நாம் எண்ணுவது ஏழு. ஸ்விஃப்ட் நம்மைப் போல எண்ணுகிறது. கணினியில் எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடு முறையில் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகள். பைத்தான் அந்தக் குறிகளை எண்ணுகிறது. அவை ஒவ்வொன்றும் யூடிஎஃப் 8 என்ற சேமிப்பு முறையில் மூன்று பைட் (நினைவகத்தின் சிறு அளவு) இடம் எடுக்கும். சி அந்தப் பைட்டுகளை எண்ணுகிறது. தமிழில் பெயர் வாங்கும் படிவத்தில் 'இருபது எழுத்துக்கு மேல் கூடாது' என்று யாரோ ஒருவர் யோசிக்காமல் போட்ட கட்டுப்பாடு, நம் தாத்தா பெயரைப் பாதியில் வெட்டுவதன் காரணம் இதுதான். இரண்டாவது மொழி கற்பதால் கிடைப்பது இன்னொரு சான்றிதழ் இல்லை. முதல் மொழி எதை மறைத்து வைத்திருந்தது என்று தெரிவதுதான்.

எதை எடுப்பது என்றால்: கணினியின் உள்ளே நினைவகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஆசை உள்ளவர் சி. இணையப் பக்கம் வேண்டுமென்பவர் ஜாவாஸ்கிரிப்ட். வேலைக்காகத் திருவனந்தபுரமோ சென்னையோ போக நினைப்பவர், அந்த ஊர் நிறுவனங்களின் வேலை விளம்பரங்கள் இருபதைப் படித்து, எந்த மொழி அதிகம் வருகிறது என்று தாளில் கோடு போட்டு எண்ணிவிட்டு முடிவு செய்யட்டும். எல்லோரும் இடையில் எஸ்க்யூஎல் மட்டும் ஒரு மாதம் பார்த்துவிடுங்கள். எந்த மொழிக்குப் போனாலும் தரவு அங்கேதான் குடியிருக்கும்.

குலசேகரத்துப் பையனின் நிரல் ஆகஸ்டில் ஒழுங்காக ஓடத் தொடங்கியது. 12.5 கிலோ என்று அடித்தாலும் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஷீட்டுக்கும் ஒட்டுப்பாலுக்கும் (மரத்தில் ஒட்டிக் காய்ந்த ரப்பருக்கும்) வேறு வேறு விலை. வாரக் கடைசியில் மொத்தம். அம்மாவிடம் காட்டினான். அவர் ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, "போன மாதம் கடையில் முன்பணம் வாங்கினேனே மக்களே, அதை எங்கே கழித்திருக்கிறாய்?" என்று கேட்டார். கழிக்கவில்லை. நிரலை மூடினால் பழைய கணக்கு எதுவும் மிஞ்சாது, பிறகு எப்படிக் கழிப்பது? அன்று ராத்திரி ஒன்பது மணிக்கு எனக்கு போன் வந்தது: "அண்ணா, கணக்கைக் கோப்பில் சேமிப்பது எப்படி?"